'உன் பி ஃப்ளாட் ஷார்ப்பாக இருக்கிறது': சீன மாணவனுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

சிராங்கூன்வாசி

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன். பகலில் வேறு வேலை, மாலையில் சீனாவிலிருந்து வந்து இங்கே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு மாண்டரின் பேச்சு ஓரளவு வரும், எழுத்துதான் தகராறு.

அதில் ஒரு பையன், 13 வயது, பள்ளியின் காற்றுக்கருவிக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறான். போன வியாழன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். குழுவை நடத்துபவர் ஒத்திகையில் இவனை நிறுத்தி 'யுவர் பி ஃப்ளாட் இஸ் ஷார்ப்' என்றாராம், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். இவன் அந்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதி, அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடியிருக்கிறான். ஃப்ளாட்டுக்குக் கிடைத்தது பிங், அதாவது சமதளம், தட்டை. ஷார்ப்புக்குக் கிடைத்தது ஜியென், கூர்மை. கீச்சென்ற குரலுக்கும் அதே சொல்தான். 'லாவ்ஷி (ஆசிரியரே), தட்டையானது எப்படிக் கூர்மையாக இருக்கும்?' என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்ததே தவிர பதில் சட்டென்று வரவில்லை.

சுருதி எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, சின்ன வயதில் இரண்டு வருஷம் பாட்டு வகுப்புக்குப் போனவன்தான். பி ஃப்ளாட் ஒரு சுரத்தின் பெயர், அது இருக்க வேண்டியதைவிட ஏறி ஒலிக்கிறது என்பதுதான் அந்த வாக்கியம். ஆனால் சுருதிப் பிசகுக்கு ஆங்கிலத்தில் இருக்கிற சொற்கள், ஃப்ளாட், ஷார்ப், ஆஃப் கீ, அவுட் ஆஃப் டியூன், பிட்சி, டோன் டெஃப், இதையெல்லாம் சீனம் பேசுகிற பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

குழல்மணி

செய்து பார்த்திருக்கிறேன், அடியும் பட்டிருக்கிறேன். பள்ளிக் குழுக்களுக்கு ஃப்ளூட் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்து 11 வருஷம் ஆகிறது.

சீனாவிலிருந்து ஒரு பெண் வந்தாள், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஆங்கிலம் தலையாட்டல் அளவுக்குத்தான். நான் ஷார்ப் என்று சொன்னால் போதும், உடனே மெதுவாக ஊதுவாள். ஃப்ளூட்டில் காற்றின் வேகம் குறைந்தால் சுருதி இறங்கும், ஆகவே சரியாகிவிடும், நானும் 'குட்' என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது. அப்புறம் ஆள் பற்றாக்குறை என்று அவளைக் கிளாரினெட்டுக்கு மாற்றினார்கள். கிளாரினெட்டில் கதை தலைகீழ். பலமாக ஊதினால் சுருதி இறங்கும், மெதுவாக ஊதினால் ஏறும். நடத்துபவர் ஷார்ப் என்கிறார், இவள் மெதுவாக ஊதுகிறாள், சுருதி இன்னும் ஏறுகிறது, அவர் இன்னும் உரக்க ஷார்ப் என்கிறார், இவள் காற்றே வராத அளவுக்குக் குறைக்கிறாள், கடைசியில் கண்ணில் தண்ணீர். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவளைப் பொறுத்தவரை ஷார்ப் என்றால் ஜியென், காதைக் குத்துகிற சத்தம். மூன்று மாதமாக நான் சுருதியைப் பற்றிப் பேசினேன், அவள் சத்தத்தின் தன்மையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள், ஃப்ளூட் எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டது.

அன்றிலிருந்து நான் அகராதிப் பொருள் சொல்வதே இல்லை. கையைத்தான் காட்டுவேன். ஷார்ப் என்றால் தலைப்பகுதியைக் கொஞ்சம் வெளியே இழு, ஃப்ளாட் என்றால் உள்ளே தள்ளு. இழுத்தால் குழாய் நீளும், நீண்டால் சுருதி இறங்கும். பத்துத் தடவை கை செய்துவிட்டால் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும்.

தம்பி, இன்னொன்று. அவன் வாசிப்பது பி ஃப்ளாட் கிளாரினெட்தானே? குழு முழுக்கச் சுருதி சேர்க்கும் கான்சர்ட் பி ஃப்ளாட்டை, அதாவது உண்மையில் காதில் விழ வேண்டிய பி ஃப்ளாட்டை, ஊத அவன் சி என்று எழுதிய சுரத்தைத்தான் பிடிக்க வேண்டும். நடத்துபவர் சொன்னது எந்த பி ஃப்ளாட் என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே இருக்கலாம்.

வெட்டிப்பேச்சு

இதற்கு இவ்வளவு பெரிய இழையா? சீனத்தில் பியென் காவ் என்றால் 'கொஞ்சம் உயர்ந்திருக்கிறது', பியென் தி என்றால் 'கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது'. ஷார்ப் முதலாவது, ஃப்ளாட் இரண்டாவது. நோட்டில் எழுதிக் கொடுங்கள், முடிந்தது.

சிராங்கூன்வாசி

அண்ணா, அதை நேற்றே செய்தேன். அங்கேதான் புதுச் சிக்கல் கிளம்பியது. ஃப்ளாட் என்றால் பியென் தி என்று சொன்னதும் அவன் கேட்கிறான், 'அப்படியானால் பி ஃப்ளாட் என்பது எப்போதுமே தப்பாக இருக்கும் பி-யா?'

யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வி. சீனத்தில் சுரத்தின் பெயர் வேறு, பிழையின் பெயர் வேறு. பி ஃப்ளாட்டை ஜியாங் பி என்கிறார்கள், 'இறக்கிய பி'. சி ஷார்ப் என்றால் ஷெங் சி, 'ஏற்றிய சி'. பிழைக்குத்தான் பியென் காவ், பியென் தி. ஆக, அந்த நடத்துபவர் சொன்னது சீனத்தில் 'ஜியாங் பி பியென் காவ்'. ஒரு குழப்பமும் இல்லை. நான் இதைச் சொன்னதும் பையன் முகம் மலர்ந்துவிட்டது. ஆங்கிலம் மட்டும் வீட்டு விலாசத்துக்கும், விலாசம் தவறிப் போனதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நம் உயிரை வாங்குகிறது.

மணி அண்ணா, நீங்கள் சொன்னது சரிதான். கேட்டேன். நடத்துபவர் சொன்னது கான்சர்ட் பி ஃப்ளாட். இவனோ தன் தாளில் பி ஃப்ளாட் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த இடத்தை எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.

தைபே_செல்வி

தைபேயிலிருந்து எழுதுகிறேன், கல்யாணமாகி இங்கே வந்தவள். மாமியார் வீட்டில் எல்லாரும் மாதம் ஒரு தடவையாவது கேடிவிக்கு, அதாவது கரோக்கே கூடத்துக்கு, பாடப் போவார்கள், ஆகவே இந்தச் சொற்கள் எனக்குக் காது புளித்தவை.

வெட்டிப்பேச்சு சொன்ன பியென் காவ், பியென் தி இரண்டும் வகுப்பறைச் சொற்கள். வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். சீனாவில் பெரும்பாலும் பாவ் தியாவ் என்பார்கள், 'மெட்டு ஓடிப்போச்சு'. இங்கே தைவானில் அதிகம் காதில் விழுவது ட்சோவ் யின், 'சுரம் நடந்து போய்விட்டது'. ஓடினாலும் நடந்தாலும் வீட்டை விட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான் தகவல். மேலே போனதா கீழே போனதா என்று அந்தச் சொல் சொல்லாது. ஆங்கிலத்தில் அவுட் ஆஃப் டியூன், ஆஃப் கீ இரண்டும் இதே ரகம். ஃப்ளாட்டும் ஷார்ப்பும்தான் திசையைச் சொல்லும். பிள்ளைகளுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்: காதில் விழுந்த சொல் திசை சொல்லும் சொல்லா, வெறும் புகாரா? வெறும் புகார் என்றால் 'ஷார்ப் ஆர் ஃப்ளாட்?' என்று திருப்பிக் கேள். அந்த ஒரு கேள்வி தெரிந்தால் பாதி ஆங்கிலம் தெரிந்த மாதிரி.

தியாவ் என்ற சொல்லும் ஒரு கண்ணி. மெட்டுக்கும் தியாவ், ஸ்கேலுக்கும் தியாவ், மாண்டரினின் நாலு தொனிகளுக்கும் ஷெங் தியாவ். ஆங்கிலத்தில் டியூன், கீ, டோன் என்று மூன்றாகப் பிரிகிறது. அதனால்தான் நல்ல ஆங்கிலம் பேசுகிற என் கொழுந்தனாரே 'த பியானோ இஸ் ஆஃப் கீ' என்கிறார். கம்பி தளர்ந்த பியானோவை அவுட் ஆஃப் டியூன் என்றுதான் சொல்வார்கள். ஆஃப் கீ என்பது பாடுகிறவருக்கும் வாசிப்புக்கும் ஒட்டும், ஓரமாகச் சும்மா நிற்கிற கருவிக்கு ஒட்டாது.

பினாங்கு_மாலா

செல்வி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பியானோவில் தொடங்குகிற பிள்ளைக்கு இந்தச் சொற்கள் எதுவும் தேவையே படாது. கட்டையை அழுத்தினால் இருக்கிற சுரம் வரும், தப்பினால் அது ராங் நோட், அவ்வளவுதான். வயலினுக்கு வந்த பிறகுதான் விரல் ஒரு மயிரிழை நகர்ந்தாலே வேறு உலகம். என் மாணவர்களில் முக்கால்வாசி சீனப் பள்ளியில் படிக்கிறவர்கள், பெரும்பாலும் பியானோவிலிருந்து வருகிறவர்கள்.

இவர்களுக்கு என்னைப் பொறுத்தவரை மிக மோசமான சொல் இன்டொனேஷன். போன வருஷம் ஒரு கிரேடு தேர்வு முடிவு வந்தது, எந்த வாரியம் என்று சொல்லவில்லை. கருத்துத் தாளில் 'இன்டொனேஷன் இன்செக்யூர்' என்று தேர்வாளர் எழுதியிருந்தார். மறுநாள் காலை அம்மா நேரில் வந்துவிட்டார், கையில் தாள், முகம் சிவந்து கிடக்கிறது. 'என் மகள் வயலின் தேர்வுக்குத்தானே வந்தாள், அவள் ஆங்கிலம் பேசும் விதத்துக்கு எதற்கு மதிப்பெண் குறைத்தார்கள்?' அவர் அகராதியில் பார்த்த பொருள் யூ தியாவ், பேச்சின் ஏற்ற இறக்கம். பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் பிள்ளைகள் படிப்பதும் அந்தப் பொருளில்தான். இசையில் அதே சொல் யின் ஜுன், சுரம் இருக்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்பது. அவரை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, வயலினை எடுத்து, ஏ தந்தியில் முதல் விரலைச் சரியான இடத்தில் ஒரு தடவை, கொஞ்சம் தள்ளி ஒரு தடவை வைத்துக் காட்டிய பிறகுதான் கோபம் இறங்கியது. 'இதை இப்படியே எழுதியிருக்கலாமே' என்றார். எழுதியிருக்கலாம்தான்.

அகிலன்_கேஎல்

ஒரு சந்தேகம். சீனர்கள் தொனி மொழி பேசுகிறவர்கள், சுரம் கேட்கிற காது அவர்களுக்கு இயற்கையிலேயே கூர்மை என்பார்களே? அவர்களுக்குப் போய் சுருதிப் பாடமா?

குழல்மணி

அகிலன், நீங்கள் நினைக்கிற ஆய்வு இசை உளவியலாளர் டயானா டாய்ச் குழுவினர் 2006-இல் வெளியிட்டது என்று நினைக்கிறேன். பெய்ஜிங்கின் மத்திய இசைக் கல்லூரி மாணவர்களையும் அமெரிக்காவில் ராச்செஸ்டரில் உள்ள ஈஸ்ட்மன் இசைப் பள்ளி மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். 4, 5 வயதிலேயே இசை தொடங்கியவர்களில், சீன மாணவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு அப்சலூட் பிட்ச், அதாவது எந்தச் சுரத்தையும் துணைச் சுரம் இல்லாமல் பெயர் சொல்லும் திறன், இருந்தது, தொனி மொழி பேசாத அமெரிக்க மாணவர்களில் சுமார் 14 சதவீதம்தான். ஆனால் அவர்கள் இசைக் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள். தெருவில் போகிற எல்லாருக்கும் அதை ஒட்டக்கூடாது. 2010-இல் வந்த இன்னொரு ஆய்வு, மாண்டரின் பேசுகிறவர்களிலும் பிறவியிலேயே சுரபேதம் பிடிபடாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலருக்குத் தங்கள் மொழியின் தொனிகளைப் பிரித்துக் கேட்பதே சிரமம் என்று காட்டியது.

இங்கே பிரச்சினை காது இல்லை. என் ஃப்ளூட் பெண்ணுக்குக் காது அருமை. காதில் விழுந்ததற்கு ஆங்கிலத்தில் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அப்சலூட் பிட்சுக்கு இன்னொரு பெயர் பெர்ஃபெக்ட் பிட்ச், சீனத்தில் ஜுவே துவெய் யின் கான். 'உன் பிட்ச் இன்று பெர்ஃபெக்ட்' என்று நான் பாராட்டினால், பிள்ளை வீட்டுக்குப் போய் எனக்கு அந்தத் திறமை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. அடுத்த வாரம் அப்பா வருகிறார், 'எங்கே, கண்ணை மூடிச் சொல்லச் சொல்லுங்கள்.'

தைபே_செல்வி

ஹா ஹா. டோன் டெஃப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதற்குச் சீனத்தில் வூ யின் பு ச்சுவென், 'ஐந்து சுரமும் முழுசாக இல்லை'. அந்த ஐந்து கோங், ஷாங், ஜுவே, ஜி, யூ. வாசித்துப் பாருங்கள், நம் மோகனத்தின் ச ரி க ப த. எனக்கு இது பிடிபட்ட அன்று மாமியாருக்குப் பாடியே காட்டினேன். தைவானில் ஜப்பானியத்திலிருந்து வந்த யின் ச்சி என்ற சொல்லும் உண்டு.

கேடிவியில் மைக்கைக் கையில் வாங்கும்போது எல்லாரும் 'நான் வூ யின் பு ச்சுவென்' என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள், அது அடக்கம். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் டோன் டெஃப்' என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டால் அதே அடக்கம்தான், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அடுத்தவரைச் சொன்னால் அது திட்டு. செய்தியில் ஒரு அரசியல்வாதியை டோன் டெஃப் என்று எழுதினால் அவருக்குப் பாட வராது என்று அர்த்தம் இல்லை, ஊர் எரியும்போது பேசக்கூடாததைப் பேசினார் என்று அர்த்தம். என் மகள் அப்படி ஒரு தலைப்பைப் பார்த்துவிட்டு 'இவர் எங்கே பாடினார் அம்மா?' என்று கேட்டாள்.

'கேன்ட் கேரி எ டியூன்' என்று ஒன்று இருக்கிறது, கொஞ்சம் மென்மையானது. அதற்கும் அவள் விடவில்லை. டியூனைத் தூக்கிக்கொண்டு எங்கே போகணும் என்றாள்.

பழைய_மாணவன்

நான் பெய்ஜிங்கில் நாலு வருஷம் படித்தவன், பொறியியல்தான், ஆனால் விடுதிக் காவலாளித் தாத்தா பீக்கிங் ஓப்பரா என்கிற சீன இசை நாடகப் பைத்தியம், எனக்கும் கொஞ்சம் தொற்றிவிட்டது. இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். சீனத்தில் திசை சொல்லும் பேச்சுச் சொல் இல்லை என்பது முழு உண்மை இல்லை. ஓப்பராக்காரர்களிடம் இருக்கிறது. ஜிங்ஹு என்ற அந்தச் சின்னத் தந்தி வாத்தியத்தின் சுருதிக்குக் கீழே பாடினால் லியாங் தியாவ், 'குளிர்ந்த சுருதி'. மேலே போனால் மாவ் தியாவ், பொங்கி வழிகிற மாதிரி, மேலே முட்டிக்கொண்டு வருகிற மாதிரி. ஃப்ளாட்டுக்கும் ஷார்ப்புக்கும் இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. சுருதியும் தாளமும் சேர்ந்தே கெட்டால் ஹுவாங் ச்சியாங் ட்சோவ் பான். அதை இப்போது எந்த ஒழுங்கு கெட்ட காரியத்துக்கும் சொல்கிறார்கள், நாம் யாராவது ஏடாகூடமாகப் பேசினால் அபஸ்வரம் என்று சொல்கிற மாதிரி.

குழல்மணி

அட, குளிர்ந்த சுருதி! இதை இனி விடமாட்டேன். காற்றுக்கருவி குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கித்தான் இருக்கும். குழாய்க்குள் காற்றின் வெப்பம் 1 டிகிரி ஏறினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும், 100 சென்ட் சேர்ந்தால் ஒரு அரைச்சுரம். சிங்கப்பூர்ப் பள்ளி அரங்குகளில் குளிர்சாதனத்தை உச்சத்தில் வைப்பார்கள், முதல் பத்து நிமிஷம் எல்லாப் பிள்ளைகளும் ஃப்ளாட், ஊதி ஊதிச் சூடான பிறகு ஷார்ப். ஓப்பராச் சொல் இதிலிருந்து வந்தது என்று யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், அது குரலுக்கான சொல். ஞாபகம் வைத்துக்கொள்ள மட்டும்.

கம்பி வாத்தியத்தில் இது எதிர்ப்பக்கம், மாலா அக்காவுக்குத் தெரியும். சூட்டில் கம்பி நீண்டு தளரும், சுருதி இறங்கும்.

பினாங்கு_மாலா

தெரியாமல் என்ன, மின்விசிறி நின்றுபோன மதியங்களில் அதோடுதான் என் வாழ்க்கை. எர்ஹு என்ற சீன இரட்டைத் தந்தி வாத்தியம் வாசித்துவிட்டு வயலினுக்கு வருகிற சில பிள்ளைகளிடம் இன்னொரு வகைப் பிசகு உண்டு. எர்ஹுவில் விரல்பலகை கிடையாது, கம்பி அந்தரத்தில் நிற்கும், அழுத்தம் கூடினாலே சுருதி ஏறிவிடும். அதனால் அவர்கள் விரலைப் பூ மாதிரி வைப்பார்கள். வயலினில் பலகை வரை அழுத்தாவிட்டால் சத்தம் மங்கலாக வரும், அதை நான் ஒரு தடவை 'டல்' என்று சொல்லிவிட்டேன், பிள்ளை அதை ஃப்ளாட் என்று எடுத்துக்கொண்டு விரலை மேலே நகர்த்திவிட்டது. ஆங்கிலத்தில் ஃப்ளாட் என்பதை உணர்ச்சி இல்லாத குரலுக்கும் சொல்கிறார்களே, அந்தக் கலப்புதான். இப்போதெல்லாம் திருத்தும்போது ஃப்ளாட், ஷார்ப் என்ற இரண்டையும் சுருதிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், மற்றதற்கு வாய் தவறியும் பயன்படுத்துவதில்லை.

வெட்டிப்பேச்சு

சரி, ஒப்புக்கொள்கிறேன், இழை தேவைதான். பிட்சி என்றால் என்ன? அதையும் சொல்லிவிடுங்கள், மகள் பாட்டுப் போட்டி பார்த்துவிட்டு என்னையே அப்படிச் சொல்கிறாள்.

தைபே_செல்வி

அமெரிக்கன் ஐடல் நடுவர் ராண்டி ஜாக்சன் வாயிலிருந்து ஊரெல்லாம் பரவிய சொல் அது. நிகழ்ச்சி 2002-இல் தொடங்கியது. ஒரு சுரம் மேலே, ஒரு சுரம் கீழே, நிலையில்லாமல் போனால் பிட்சி. முழுக்க ஃப்ளாட்டாகப் பாடினால் அது பிட்சி இல்லை, அது வெறும் ஃப்ளாட். குரல் உடைந்து கீச்சிடுவது இதில் சேராது, அதற்குச் சீனத்தில் போ யின், ஆங்கிலத்தில் கிராக். பிட்சியைப் பரீட்சைத் தாளில் எழுத வேண்டாம், பேச்சோடு போகட்டும்.

சிராங்கூன்வாசி

எல்லாருக்கும் நன்றி. அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

பையனிடம் முதலில் போனில் டியூனர் செயலியைத் திறந்து காட்டினேன். முள் நடுவுக்கு இடப்பக்கம் சாய்ந்தால் ஃப்ளாட், வலப்பக்கம் சாய்ந்தால் ஷார்ப். அப்புறம் இன்னொரு போனில் 440 ஹெர்ட்ஸ், இதில் 443, இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டேன். விநாடிக்கு மூன்று தடவை வவ்வவ்வென்று அலை அடிக்கிறது. 12 சென்ட்தான் வித்தியாசம், ஆனால் சேர்த்துக் கேட்டால் மறைக்கவே முடியாது. 'பியென் காவ்' என்றான், நான் 'ஷார்ப்' என்றேன். அப்புறம் அவனையே சொல்ல வைத்தேன். கிளாரினெட்டைக் கையில் கொடுத்து மணி அண்ணா சொன்ன மாதிரி, ஷார்ப் என்றால் பேரல் என்ற மேல் குழாய்த் துண்டை இழு, ஃப்ளாட் என்றால் தள்ளு, பதினைந்து நிமிஷம் அதே வேலை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் வரை.

சனிக்கிழமை ஒத்திகையில் நடத்துபவர் இவனைப் பார்ப்பதற்கு முன்பே இவனாகக் கை தூக்கி 'சார், ஐ ஆம் ஷார்ப்' என்றானாம். அவர் 'யெஸ், யூ ஆர். புல் அவுட்' என்றாராம். மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள், ஏன் என்று என்னிடம் கேட்கிறான். புத்திசாலிக்கும் ஷார்ப் என்று சொல்வார்கள் என்பதை நான் சொல்லித் தர மறந்துவிட்டேன்.

குழல்மணி

இந்தத் தடவை அந்தச் சிரிப்பை அவன் வைத்துக்கொள்ளட்டும். பென்சில் வட்டங்களை மட்டும் அழிக்கச் சொல்லுங்கள், தாள் பள்ளிக்கூடத்துடையதாக இருக்கும்.